லைப்ரரி கிடைக்கவில்லை என்று கம்பைலர் நின்றால்: கேட்டது யார் என்று கண்டறியும் வழி

ஆர்ம் சிப்புகளுக்கான ஒரு கிராஸ் கம்பைலர் (வேறு வகைக் கணினியில் ஓடப்போகும் நிரலை உருவாக்கும் கம்பைலர்) எங்கள் பில்ட் கணினியில் மூன்று ஆண்டுகளாகத் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கணினியின் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றிய மறுநாள் காலை, அதே கம்பைலர் ஒரு வரி சி நிரலைக்கூடத் தொகுக்க மறுத்துவிட்டது. லிப்எம்பிஎஃப்ஆர்.எஸ்ஓ.4 என்ற லைப்ரரிக் கோப்பை, அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் குறிமுறைக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்பது பிழைச்செய்தி. ஆனால் அதனிடம் பதிப்பு எண்ணைக் கேட்டால், ஒரு குறையும் இல்லாததுபோல் உடனே பதில் சொன்னது. அதைப் பார்த்துவிட்டு, கம்பைலர் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு நிரலில்தான் என்று முடிவு கட்டியவர்களும் எங்களில் இருந்தார்கள்.

ஜிசிசி என்று நாம் அழைக்கும் கட்டளை வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரி மட்டுமே. சி நிரலைப் படித்து அசெம்பிளியாக மாற்றுவது சிசி1 என்ற தனி நிரல். அதன் பிறகு, அசெம்பிளியை இயந்திரக் குறிமுறையாக்கும் அசெம்பிளரும், துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கரும் வருகின்றன. ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகிய கணித லைப்ரரிகள் சிசி1 போன்ற உள் நிரல்களுக்குத்தான் தேவை, மேஸ்திரிக்குத் தேவையில்லை. பதிப்பு எண்ணைக் கேட்கும்போது சிசி1 எழுப்பப்படுவதே இல்லை என்பதால், லைப்ரரி இல்லாத குறை வெளியே தெரிவதில்லை. ஆகவே ஒரு டூல்செயின் (கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும் சேர்ந்த தொகுப்பு) சரியாக இருக்கிறதா என்று சோதிக்கப் பதிப்பு எண் போதாது. ஒரு சி கோப்பையும் ஒரு சி++ கோப்பையும் தொகுத்து, லிங்க் செய்து பார்க்க வேண்டும். பிழை வந்தால், செய்தியின் தொடக்கத்தில் உள்ள நிரலின் பெயரை முதலில் படியுங்கள். அந்த நிரல் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதை -பிரிண்ட்-ப்ராக்-நேம்=சிசி1 என்ற தெரிவுடன் கம்பைலரை ஓட்டினால், அதுவே முழுப் பாதையையும் சொல்லிவிடும்.

(கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன், முனையத்தில் அவற்றின் வழக்கமான எழுத்துகளிலேயே தட்டச்சு செய்யுங்கள்.)

எந்தக் கணினியின் லைப்ரரி?

கிராஸ் கம்பைலரில் குழப்பம் இரட்டிப்பாவதற்குக் காரணம், இரு வேறு கணினிகளின் லைப்ரரிகள் ஒரே கோப்புறை மரத்தில் அடுத்தடுத்து இருப்பதுதான். கம்பைலர் ஓடும் கணினியை ஹோஸ்ட் என்றும், அது உருவாக்கும் நிரல் ஓடப்போகும் கணினியை டார்கெட் என்றும் சொல்வார்கள். எம்பிஎஃப்ஆர் ஹோஸ்டுக்கு உரியது. சிஸ்ரூட் என்ற கோப்புறைக்குள் இருக்கும், சி மொழியின் அடிப்படை லைப்ரரியான லிப்சி முதலானவை டார்கெட்டுக்கு உரியவை. பெயர்கள் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு செயலிக்கான குறிமுறை. சந்தேகம் வந்தால் ஃபைல் என்ற கட்டளையை அந்தக் கோப்பின் மீது ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்86-64 ஆ, ஆர்ச்64 ஆ என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும்.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், "லைப்ரரி கிடைக்கவில்லை" என்றவுடன் எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறியில் சிஸ்ரூட்டின் லிப் கோப்புறையைச் சேர்ப்பது பலரும் செய்யும் முதல் தவறு. அந்த மாறி அதன் பிறகு அந்த முனையத்தில் ஓடும் எல்லா நிரல்களையும் பாதிக்கும். ஹோஸ்டும் டார்கெட்டும் ஒரே வகைச் செயலியாக இருந்து, கம்பைலரோடு மேக் என்ற பில்ட் கருவியும் பைத்தானும் சேர்ந்து விழத் தொடங்கினால், எது நோய், எது மருந்தின் பக்கவிளைவு என்று பிரித்தறிய முடியாது. யாக்டோ எஸ்டிகே என்ற கிராஸ் கம்பைலர் தொகுப்பின் சூழல் அமைப்பு ஸ்கிரிப்ட், இந்த மாறியில் ஏற்கெனவே மதிப்பு இருந்தால் மேலே தொடர மறுத்துவிடும். அதைத் தொல்லை என்று எண்ணி ஸ்கிரிப்டைத் திருத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்; உண்மையில் அது நம் நன்மைக்காக வைத்த தடுப்பு.

டார்கெட் நிரலை ஹோஸ்டில், வேறு செயலியைப் போல நடிக்கும் கியூஇஎம்யூ வழியே ஓட்டும்போது, ஆர்ச்64 லோடரை, அதாவது நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளை ஏற்றிக் கொடுக்கும் நிரலைத் திறக்க முடியவில்லை என்று வந்தால், -எல் (பெரிய எழுத்து) தெரிவில் சிஸ்ரூட்டின் பாதையைக் கொடுத்தால் போதும். அதேபோல், லிங்க் செய்யும் கட்டத்தில் ஒரு லைப்ரரிக்குத் தேவையான இன்னொரு லைப்ரரி கிடைக்கவில்லை என்று லிங்கர் சொன்னால், அது ஓட்டநேரச் சிக்கல் அன்று. சிஸ்ரூட் சரியாகக் கொடுக்கப்பட்டுள்ளதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகும் தீராவிட்டால் -ஆர்பாத்-லிங்க் தெரிவைப் பயன்படுத்துங்கள். அது லிங்கர் தேடுவதற்கான வழியை மட்டும் சொல்கிறது. உருவாகும் நிரலுக்குள் எதையும் எழுதிவைப்பதில்லை.

லினக்ஸில் லோடரையே பேசவைத்தல்

லினக்ஸ் லோடரின் பிழைச்செய்தியில் ஓடத் தொடங்கிய நிரலின் பெயரும், கிடைக்காத லைப்ரரியின் பெயரும் இருக்கும். இடையில் உள்ளவரின் பெயர் இருக்காது. எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பின் மேல் எழுந்த கிளாங் கம்பைலரை எடுத்துக்கொள்ளுங்கள். லிப்டின்ஃபோ.எஸ்ஓ.5 கிடைக்கவில்லை என்று அது சொன்னால், கிளாங்கே அதைக் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. கிளாங் கேட்ட லிப்எல்எல்விஎம், தன் தேவைக்காக அதைக் கேட்டிருக்கலாம். இதை ஊகிக்க வேண்டியதில்லை. எல்டி_டீபக்=ஃபைல்ஸ் என்று முன்னால் வைத்து அதே கட்டளையை மறுபடி ஓட்டினால், ஒவ்வொரு லைப்ரரியும் யாருடைய தேவைக்காக ஏற்றப்படுகிறது என்று லோடர் வரிவரியாக எழுதும். எல்டி_டீபக்=லிப்ஸ் என்று கொடுத்தால், எந்தெந்தக் கோப்புறைகளில் எந்த வரிசையில் தேடியது என்பது வரும். மேஸ்திரி எழுப்பும் உள் நிரல்களுக்கும் இந்த மாறி தானாகப் போய்ச்சேரும் என்பதால் திரை நிரம்பி வழியும். எல்டி_டீபக்_அவுட்புட் மாறியில் ஒரு கோப்புப் பெயரைக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு செயல்முறைக்கும் அதன் எண்ணுடன் தனித்தனிக் கோப்பு கிடைக்கும்.

எல்டிடி கட்டளையைப் பலரும் உடனே கையில் எடுப்பார்கள். அது சில சூழல்களில் அந்த நிரலையே இயக்கிவிடக்கூடும் என்பதால், நம்பகமில்லாத இடத்திலிருந்து வந்த கோப்பின் மீது அதை ஓட்டாதீர்கள். டார்கெட் நிரலின் மீது ஓட்டினால், இது டைனமிக் நிரலே அன்று என்று தவறாகவும் சொல்லும். ரீட்எல்ஃப் -டி எந்தச் செயலிக்கான கோப்பையும் இயக்காமல் படித்து, அதற்குத் தேவையான லைப்ரரிகளையும், அதனுள் எழுதப்பட்ட தேடல் பாதைகளையும் (ஆர்பாத், ரன்பாத்) காட்டிவிடும். என் கை முதலில் போவது இதற்குத்தான்.

தேடலின் வரிசை இதுதான்: கோப்பில் ரன்பாத் இல்லாமல் ஆர்பாத் மட்டும் இருந்தால் முதலில் அது, பிறகு எல்டி_லைப்ரரி_பாத், பிறகு ரன்பாத், அதன் பின் எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற பட்டியல். கடைசியாகக் கணினியின் பொதுவான லிப் கோப்புறைகள். ஆர்பாத்தும் ரன்பாத்தும் ஒன்றுபோலத் தோன்றினாலும், அவற்றுக்கிடையே உள்ள ஒரு வேறுபாடு பல மணி நேரத்தை விழுங்கும். ஆர்பாத், அந்த நிரல் ஏற்றும் லைப்ரரிகள் தங்களுக்கு வேண்டியவற்றைத் தேடும்போதும் பயன்படும். ரன்பாத், தான் எழுதப்பட்டிருக்கும் கோப்பின் நேரடித் தேவைகளுக்கு மட்டுமே செல்லும். மேலே சொன்ன கிளாங்கில் ரன்பாத் சரியாக இருந்தால் லிப்எல்எல்விஎம் கிடைத்துவிடும். ஆனால் லிப்எல்எல்விஎம் கேட்கும் லிப்டின்ஃபோ அதே கோப்புறையில் பக்கத்திலேயே இருந்தாலும் கிடைக்காது. லிப்எல்எல்விஎம் கோப்புக்குள்ளும் ஒரு ரன்பாத் எழுதினால்தான் கிடைக்கும். உபுண்டு போன்ற வெளியீடுகளில் லிங்கர் இயல்பாகவே ரன்பாத்தைத்தான் எழுதுகிறது என்பதால், பழைய கணினியில் ஓடிய அமைப்பு புதியதில் ஓடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் எம்பிஎஃப்ஆர் கதைக்கு வருகிறேன். எம்பிஎஃப்ஆர் 4.0 வெளியானபோது அதன் எஸ்ஓநேம் எண் (கோப்புப் பெயரின் இறுதியில் வரும் எண்) 4-இலிருந்து 6-க்கு மாறியது. புதிய லினக்ஸில் 6 மட்டும் இருந்தது. எனக்கு முன்பே அதைப் பார்த்த நண்பர், 6 என்ற கோப்புக்கு 4 என்ற பெயரில் ஒரு சிம்பாலிக் லிங்க் போட்டுவிட்டார். கம்பைலரும் ஓடத் தொடங்கியது. இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் யோசனையும் இதுதான். நான் இதை ஏற்கமாட்டேன். இரு பதிப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்று அறிவிப்பதற்காகத்தான் அந்த எண்ணையே மாற்றுகிறார்கள். அதிலும் எம்பிஎஃப்ஆர், தசம எண்களின் கணக்கைத் தொகுக்கும்போதே முடித்துவைக்க ஜிசிசி நாடும் லைப்ரரி. அங்கே பிசகினால் கம்பைலர் நின்றுபோகாமல், தவறான எண்ணை உங்கள் நிரலுக்குள் எழுதிவிட்டு அமைதியாக முடிந்துவிடும் அபாயம் இருக்கிறது.

சரியான தீர்வு, பழைய எம்பிஎஃப்ஆரைத் தனியாகத் தொகுத்து, டூல்செயினின் சொந்த லிப் கோப்புறையில் வைத்து, சிசி1-க்கு அந்த வழியைச் சொல்லிக்கொடுப்பது. பேட்ச்எல்ஃப் என்ற கருவியில் --செட்-ஆர்பாத் தெரிவால் இதைச் செய்யலாம். $ஆரிஜின் என்று எழுதினால், அந்த நிரல் இருக்கும் கோப்புறை என்று லோடர் பொருள்கொள்ளும். இங்கே $ஆரிஜின்/../லிப் என்று பழக்கத்தில் எழுதிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று அரை நாள் தேடினேன். 'பின்' என்ற பெயருள்ள கோப்புறையில் இருக்கும் நிரல்களுக்கு அது சரி. சிசி1 இருப்பதோ லிப்எக்ஸெக், ஜிசிசி, டார்கெட்டின் பெயர், பதிப்பு எண் என்று நான்கு படி ஆழத்தில். ஆகவே நான்கு முறை மேலே ஏறி $ஆரிஜின்/../../../../லிப் என்று எழுத வேண்டும். இந்தச் சரத்தை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் ஷெல் அதைத் தன் மாறி என்று எண்ணி வெறுமையாக்கிவிடும். மேக்ஃபைலுக்குள் என்றால் டாலர் குறியை இரண்டு முறை போட வேண்டும்.

கோப்பு கண்முன்னே இருக்க, இல்லை என்னும் செய்தி

இன்னொரு வகைப் பிழை புதியவர்களைத் திகைக்கவைக்கும். நிரல் கோப்பு அங்கேயே இருக்கிறது, இயக்கும் அனுமதியும் இருக்கிறது, ஆனாலும் அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை என்று ஷெல் சொல்கிறது. இல்லாதது நிரலன்று, அந்த நிரல் கேட்கும் லோடர். ரீட்எல்ஃப் -எல் (சிறிய எழுத்து) ஓட்டினால் அந்த லோடரின் பாதை தெரியும். லினக்ஸில் வழக்கமான லிப்சியான ஜிலிப்சிக்காகத் தொகுத்த டூல்செயினை, மசல் என்ற வேறொரு லிப்சியைப் பயன்படுத்தும் ஆல்பைன் கன்டெய்னருக்குள் ஓட்டினால் இது நிகழும். 32 பிட் டூல்செயினை 64 பிட் லைப்ரரிகள் மட்டும் உள்ள கணினியில் ஓட்டினாலும் இதே செய்திதான். முதலாவதற்கு டெபியன் போன்ற ஜிலிப்சி கன்டெய்னருக்கு மாறுவதே குறைந்த செலவுள்ள வழி.

லைப்ரரி கிடைத்தும், ஜிலிப்சி_2.34 பதிப்பு இல்லை என்று சொன்னால், புதிய கணினியில் தொகுத்த கருவியைப் பழையதில் ஓட்டுகிறீர்கள் என்று பொருள். உபுண்டு 20.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.31, 22.04-இல் இருப்பது 2.35. 2021-இல் வந்த 2.34-இல் நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூறுக்கே புதிய பதிப்புக் குறி இடப்பட்டதால், புதியதில் தொகுத்த வணக்கம் சொல்லும் நிரல்கூடப் பழையதில் ஓடாது. புதிய லிப்சியைத் தூக்கிவந்து லிப் கோப்புறையில் போடுவது இதற்கு மருந்தாகாது; லிப்சியும் லோடரும் ஒரே வெளியீட்டைச் சேர்ந்தவையாக இருந்தாக வேண்டும். நீங்கள் ஆதரிக்க விரும்பும் கணினிகளில் மிகப் பழையது எதுவோ, அதில் டூல்செயினைத் தொகுப்பதே வழி. சி++ லைப்ரரியின் பதிப்புச் சிக்கலை மட்டும், -ஸ்டாட்டிக்-லிப்எஸ்டிடிசி++ தெரிவுடன் கருவிக்குள்ளேயே சேர்த்துத் தொகுத்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

மேக்கில்

ஆப்பிளின் மேக் கணினியில் உள்ள டிஒய்எல்டி லோடர் இந்த விஷயத்தில் தாராளமானது. எந்த லைப்ரரி இல்லை, அதைக் கேட்டது எந்தக் கோப்பு, எங்கெல்லாம் தேடப்பட்டது என மூன்றையும் செய்தியிலேயே சொல்லிவிடுகிறது. முழுச் செய்தியையும் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மேக் லைப்ரரி ஒவ்வொன்றும் தன் பெயரைத் தனக்குள் சுமக்கிறது. லிங்க் செய்யும்போது அந்தப் பெயர் அப்படியே கேட்பவருக்குள் பதிகிறது. தொகுத்தவரின் வீட்டுக் கோப்புறைப் பாதை அதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், வேறு எந்தக் கணினியிலும் ஓடாது. ஓடூல் -எல் (பெரிய எழுத்து) கட்டளையால் பார்த்து, இன்ஸ்டால்_நேம்_டூல் கருவியால் பெயரை @ஆர்பாத் என்று தொடங்குமாறு மாற்றி, நிரலுக்கு @லோடர்_பாத்/../லிப் என்ற வழியைச் சேருங்கள். லினக்ஸின் ரன்பாத்தைப் போலன்றி, முதன்மை நிரலில் எழுதிய வழி இங்கே அடுத்தடுத்த லைப்ரரிகளுக்கும் பயன்படும்.

இப்படிக் கோப்பைத் திருத்தியதும் அதன் மின்கையொப்பம் செல்லாததாகிவிடும். ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் கையொப்பம் இல்லாத நிரல், காரணம் எதுவும் சொல்லாமல் கில்டு: 9 என்ற சொல்லோடு மடியும். திருத்தம் முடிந்த ஒவ்வொரு கோப்பின் மீதும் கோட்சைன் -எஃப் -எஸ் - என்று ஓட்டித் தற்காலிகக் கையொப்பம் இடுங்கள். கடைசியில் தனியாக நிற்கும் கோடும் கட்டளையின் பகுதிதான்.

சூழல் மாறியால் சமாளிக்க நினைப்பவர்களுக்கு மேக் இடம் கொடுப்பதில்லை. 2015-இல் வந்த எல் கேபிடன் முதல், கணினியின் பாதுகாக்கப்பட்ட நிரல்களை இயக்கும்போது டிஒய்எல்டி_ என்று தொடங்கும் மாறிகள் உதிர்க்கப்படுகின்றன. மேக்ஃபைல் ஒவ்வொரு கட்டளையையும் கணினியின் ஷெல் வழியே ஓட்டுவதால், முனையத்தில் வேலை செய்தது பில்டுக்குள் வேலை செய்யாது. மேலும் 2020-இன் பிக் சர் முதல், கணினியின் சொந்த லைப்ரரிகள் தனிக் கோப்புகளாக வட்டில் இருப்பதில்லை. ஒரு பொதுச் சேமிப்புக்குள் அடங்கியிருக்கின்றன. கோப்பு இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டு ஏற்றும் ஸ்கிரிப்டுகள், இருக்கும் லைப்ரரியையே இல்லை என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

விண்டோஸில்

விண்டோஸில் ஆர்பாத் என்ற ஏற்பாடே கிடையாது. நிரல் இருக்கும் கோப்புறை, கணினியின் சிஸ்டம் கோப்புறைகள், தற்போதைய கோப்புறை, பிறகு பாத் மாறியில் உள்ளவை என்ற வரிசையில் டிஎல்எல் (விண்டோஸின் லைப்ரரிக் கோப்பு) தேடப்படுகிறது. எம்எஸ்ஒய்எஸ்2 வழியே நிறுவிய ஜிசிசியை, பாத்தில் சேர்க்காமல் முழுப் பெயரைச் சொல்லி ஓட்டிப் பாருங்கள். பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் 1 என்ற வெளியேறு எண்ணோடு முடியக்கூடும். காரணம் நம் பழைய நண்பர் சிசி1 தான்: அவர் இங்கே லிப் கோப்புறையின் ஆழத்தில் இருக்கிறார், அவருக்கு வேண்டிய டிஎல்எல்கள் பின் கோப்புறையில் இருக்கின்றன, இரண்டையும் இணைப்பது பாத் மட்டுமே. பின் கோப்புறையைப் பாத்தின் தொடக்கத்தில் சேருங்கள். கடைசியில் சேர்த்தால், வேறொரு மென்பொருள் தன்னோடு கொண்டுவந்த லிப்எஸ்டிடிசி++-6.டிஎல்எல் முந்திக்கொண்டு ஏறிவிடும்.

பில்ட் பதிவேட்டில் -1073741515 என்ற விசித்திரமான எண்ணைக் கண்டால், அது 0எக்ஸ்சி0000135. டிஎல்எல் கிடைக்கவில்லை என்று பொருள். 0எக்ஸ்சி0000139 என்றால் டிஎல்எல் கிடைத்தது, ஆனால் கேட்ட செயற்கூறு அதில் இல்லை. பெரும்பாலும் தவறான பதிப்பு ஏறியிருக்கிறது. 0எக்ஸ்சி000007பி பெரும்பாலும் 32 பிட்டும் 64 பிட்டும் கலந்துவிட்டதைக் காட்டும். நிரலே லோட்லைப்ரரி வழியாக ஏற்றும்போது வரும் 126 ஏமாற்றக்கூடியது. நீங்கள் பெயர் சொன்ன கோப்பு இருக்கும், அதற்குத் தேவையான இன்னொன்று இருக்காது. டம்ப்பின் என்ற கருவியை /டிபென்டென்ட்ஸ் தெரிவுடனோ, அல்லது ஆப்ஜ்டம்ப் -பி கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்க்க வேண்டியதுதான்.

பிளகின்கள்

கிளாங்குக்கோ எல்எல்விஎம்மின் ஆப்ட் கருவிக்கோ எழுதிய பிளகின் (கூடுதல் இணைப்பு) ஏறாமல் போனால், காணாமற்போன சிம்பலின் (செயற்கூறு முதலியவற்றுக்குக் கோப்பினுள் உள்ள பெயர்) பெயரைக் கூர்ந்து பாருங்கள். அதில் சிஎக்ஸ்எக்ஸ்11 என்ற துண்டு இருந்தால், ஜிசிசி 5-இல் வந்த புதிய சரம் அமைப்பைக் கம்பைலரும் பிளகினும் வெவ்வேறு விதமாகத் தெரிந்தெடுத்திருக்கின்றன. _இசட்டிஐ என்று தொடங்கினால், எல்எல்விஎம் இயல்பாக ஆர்டிடிஐ (ஓட்டநேர வகைத் தகவல்) இல்லாமல் தொகுக்கப்படுவதை மறந்து பிளகினை அதோடு தொகுத்திருக்கிறீர்கள், -எஃப்நோ-ஆர்டிடிஐ சேருங்கள். ஒரு தெரிவு இரண்டு முறை பதிவாகியுள்ளது என்று எல்எல்விஎம் நின்றால், அதன் இரு பிரதிகள் ஒரே நிரலுக்குள் ஏறிவிட்டன. பிளகினை எல்எல்விஎம்மின் ஸ்டாட்டிக் லைப்ரரிகளோடு லிங்க் செய்திருப்பீர்கள். அந்த வரியை நீக்கிவிட்டு, கம்பைலரிடம் உள்ள பிரதியையே அது பயன்படுத்தவிட வேண்டும்.

திருத்திய டூல்செயினைப் பிறருக்குக் கொடுக்கும் முன், உங்கள் கணினியிலேயே சோதித்து நிறைவடையாதீர்கள். நீங்கள் தொகுத்த லைப்ரரிகள் அங்கே பழைய இடத்திலேயே இருந்து குறையை மறைத்துவிடும். எதுவும் நிறுவாத ஒரு கன்டெய்னரில், தொகுத்தபோது இருந்ததற்குத் தொடர்பில்லாத, நடுவே ஓர் இடைவெளி உள்ள பெயருடைய கோப்புறையில் அதை விரியுங்கள். என்வ் -ஐ கட்டளையால் சூழல் மாறிகளை எல்லாம் அகற்றிவிட்டு, ஒரு சி, ஒரு சி++ கோப்பைத் தொகுத்து லிங்க் செய்யுங்கள். பிறகு, சிசி1-ஐ எல்டி_டீபக்=லிப்ஸ் வைத்து ஒரு முறை ஓட்டி, வரும் பாதைகளில் உங்கள் பயனர் பெயர் எங்காவது தென்படுகிறதா என்று தேடிப் பாருங்கள். எங்கள் டூல்செயினில் அப்போதும் ஓரிடத்தில் தென்பட்டது: லிப்எம்பிசியின் ரன்பாத்தில்.